தந்தியும் உப்பும்
சென்னை – பினாங்குக் கடலடிக் கம்பியின் வரலாறு

உப்பை உலோகப் பாத்திரத்தில் இட்டு வைப்பது தமிழர் வீட்டு வழக்கம் அன்று. மரவையிலோ மண்சட்டியிலோ பீங்கான் சாடியிலோதான் அதனை வைப்பர். ஊறுகாய்க்கும் சாடியே உரியது. பித்தளையும் செம்பும் நிறைந்த வீட்டிலுங்கூட உப்புக்கென்று ஒரு சாடி தனியே இருக்கும். எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்களையை நிரப்பிவிட்ட பின்னரும் பல வீடுகளில் இவ்வழக்கம் மாறவில்லை. ஈர உப்பு நெடுநாள் கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை போன்ற புள்ளிகள் விழுந்திருப்பதைக் கண்டவர்க்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். உப்பும் உலோகமும் ஓரிடத்தில் நெடுங்காலம் ஒத்து வாழா என்பது, இரசாயன நூல் கல்லாத மூதாட்டியர் பட்டறிவால் கண்ட உண்மை.

ஒரு பிடி உப்புக்கே இந்நிலை என்றால், உப்புக் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான மைல் நீளத்திற்கு உலோகக் கம்பியைக் கிடத்தி, அஃது ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்க வேண்டும் என எண்ணியவர்களின் துணிவை என்னென்பது! அத்துணிவின் பயனாய் 1870ஆம் ஆண்டில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே வங்கக் கடலின் அடியில் ஒரு தந்தி வடம் இடப்பட்டது. தமிழகத்தையும் மலாயாவையும் முதன்முதலாக மின்னோட்டத்தால் இணைத்த கம்பி அதுவே. எந்த உலோகமும் தன் வலிமை ஒன்றினால் மட்டும் கடலுப்பை வென்றதில்லை. மேலே போர்த்த போர்வையாலும், இடமறிந்து இட்டவரின் அறிவாலும், இடையறாது பேணியவரின் உழைப்பாலுமே அது நின்றது. சென்னை – பினாங்குக் கம்பியின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

தந்தி என்னும் சொல்

தந்தி என்பது முதலில் வீணையின் நரம்பைக் குறித்த சொல். விரல் பட்டால் ஒலி எழுப்பும் கம்பி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்னோட்டத்தால் செய்தி அனுப்பும் கம்பி வந்தபோது, தமிழர் புதுச்சொல் ஒன்றைத் தேடி அலையவில்லை. வீணையின் நரம்பையே அதற்குப் பெயராக்கினர். பிறகு கம்பிக்கு வந்த பெயர், கம்பி வழியே வரும் செய்திக்கும் ஆயிற்று. 1942இல் மதுரையில் தொடங்கிய நாளேடு ஒன்று 'தந்தி' என்னும் பெயரைத் தாங்கியே வந்தது. நரம்பு, கம்பி, செய்தி, செய்தித்தாள் என ஒரு சொல் பொருளால் விரிந்த வழி இது.

கடலடியில் இடப்படுவது தனிக்கம்பி அன்று. பல பொருள்களை முறுக்கிச் சேர்த்த பெருங்கயிறு. ஆதலின் அதனை 'வடம்' என்பதே பொருத்தம். தேர் வடம் பல புரிகளால் ஆவது போலக் கடலடி வடமும் பல உறுப்புகளால் ஆவது. நடுவில் செய்தியைத் தாங்கும் செப்புக்கம்பி. அதன்மேல் மின்சாரம் கசியாமல் காக்கும் உறை. உறைக்கு மேல் சணல். எல்லாவற்றுக்கும் வெளியே கவசமாக இரும்புக் கம்பிகள். செம்பு உயிர் என்றால் இரும்பு உடல். கடலுப்போடு முதலில் மோத வேண்டியது அந்த உடலே.

மலாயாக் காட்டிலிருந்து ஓர் உறை

செப்புக்கம்பிக்கு உறையிட ஏற்ற பொருள் மலாயாவிலிருந்தே கிடைத்தது. இங்குள்ள காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலை மலாய் மக்கள் கெத்தா பெர்ச்சா என்றனர். வெந்நீரில் இட்டால் குழையும், ஆறினால் இறுகும். அவர்கள் அதனைக் கொண்டு கோடரிப் பிடி முதலியன செய்து வந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைத் தன்னூடே செல்லவிடாது என்பதை 1848இல் மைக்கேல் பாரடே எடுத்துக்காட்டினார். அதனைக் கம்பியின்மேல் இணைப்பின்றிப் பூசும் பொறியை ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் 1847இலேயே அமைத்திருந்தார்.

1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கால்வாய்க் கடலில் இவ்வுறையிட்ட செப்புக்கம்பி இடப்பட்டது. கவசம் ஏதும் இல்லை. சில செய்திகள் கடந்ததும் கம்பி ஊமையாயிற்று; மீனவர் ஒருவரின் வலைக்கயிற்றில் சிக்கி அறுந்தது என்பர். மறு ஆண்டு, 1851இல், பத்து இரும்புக் கம்பிகளைச் சுற்றிலும் முறுக்கிய வடம் இடப்பட்டது. அவ்விரும்புக் கம்பிகளுக்கு நாகமுலாம் பூசப்பட்டிருந்தது. அந்த வடம் பல்லாண்டு நிலைத்துப் பணியாற்றியது.

நாகமுலாம் என்பது துத்தநாகத்தை உருக்கி இரும்பின்மேல் படியச் செய்வது. இம்முறைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் சோரெல் 1837இல் உரிமை பெற்றார். நம் கூரைத் தகரங்களில் காண்பதும் இதுவே. இரும்பும் துத்தநாகமும் உப்புநீரில் சேர்ந்திருக்கும்போது துத்தநாகமே முதலில் கரையும்; அது கரைந்து தீரும்வரை இரும்புக்குத் தீங்கில்லை. வீட்டின் மூத்தவர் தம்மை வருத்தி இளையவரைக் காப்பது போன்ற காவல் அது.

செங்கடல் தந்த பாடம்

ஒரு வெற்றி கண்டதும் மனிதர் விரைந்துவிட்டனர். இந்தியாவைத் தந்தியால் இணைக்க வேண்டும் என்னும் வேகத்தில் 1859, 1860ஆம் ஆண்டுகளில் சூயசிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை ஒரு வடம் இடப்பட்டது. மெல்லிய இரும்புக் கம்பிகளே அதற்குக் கவசம். மேடும் பள்ளமுமான செங்கடலின் அடியில் தளர்வு விடாமல் அதனை இழுத்துப் போட்டனர். பவளப்பாறைகளுக்கு இடையே கம்பி தொங்கியது. வெதுவெதுப்பான உப்புநீரில் இரும்பு துருவேறி மெலிந்தது. அதன்மேல் சிப்பியும் பாசியும் படர்ந்து பாரம் ஏற்றின. பாரம் தாங்காமல் ஒவ்வொரு பகுதியாய் அறுந்தது. முழுவழியும் ஒருசேர இயங்கிய நாள் இல்லை. பிரிட்டிஷ் அரசு இலாபத்திற்கு உறுதி அளித்திருந்தமையால் வடம் அழிந்த பின்னும் பொதுமக்கள் வரிப்பணமே அதற்கு ஈடு கட்டியது.

நமக்கு அண்மையிலும் இத்தகைய தோல்வி உண்டு. 1859இல் டச்சு அரசு சிங்கப்பூருக்கும் பத்தேவியாவுக்கும் இடையே இட்ட வடம் அடிக்கடி அறுந்து இறுதியில் கைவிடப்பட்டது.

இத்தோல்விகளும், 1858இல் மூன்றே வாரத்தில் மாண்ட அட்லாண்டிக் வடத்தின் தோல்வியும் ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு இடமளித்தன. இலண்டனில் அமைந்த ஒரு குழு கம்பி செய்வோரையும் கப்பல் செலுத்துவோரையும் மின்னியல் அறிஞரையும் விசாரித்து 1861இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. தோல்வி விதியின் செயல் அன்று. பொருளையும் இடத்தையும் அறியாமையின் விளைவே என்பது தெளிவாயிற்று.

அந்த அறிவின் பயன் 1864இல் பாரசீக வளைகுடாவில் இடப்பட்ட வடத்தில் தெரிந்தது. அதற்குப் பன்னிரண்டு நாகமுலாம் பூசிய இரும்புக் கம்பிகள் கவசம். அக்கவசத்தின் மேல் சணற்புரியைச் சுற்றி, கீலும் தாரும் பொடித்த மணற்கல்லும் கலந்த குழம்பைப் பூசினர். பிரைட், கிளார்க் என்னும் பொறியாளர் இருவர் கண்ட கலவை அது. கீல் உப்புநீரை உள்ளே விடாது. கற்பொடி கடற்புழுவின் பல்லுக்குத் தடை. இவ்வாறு உப்புநீருக்கும் இரும்புக்கும் இடையே துத்தநாகம், கீல், சணல் என மூன்று மதில்கள் எழுந்தன.

வங்கக் கடலைக் கடந்த வடம்

1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சூயசிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்க்கு வடம் வந்து சேர்ந்தது. அதனை இட்டது 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெருங் கப்பல். பம்பாயிலிருந்து சென்னைக்கு நிலவழித் தந்தி முன்பே இருந்தது. சென்னைக்குக் கிழக்கே என்ன செய்வது என்னும் வினாவுக்கு விடையாக ஜான் பெண்டர் என்பவரின் முயற்சியால் பிரிட்டிஷ் இந்திய விரிவுத் தந்திக் கம்பெனி அமைந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வரை ஏறத்தாழ 1,400 கடல் மைல்; பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறத்தாழ 400 கடல் மைல். 1870இல் இவ்வடங்கள் இடப்பட்டன. 1871இல் சிங்கப்பூரிலிருந்து சைகோன் வழியாக ஹாங்காங்குக்கும், 1872இல் ஜாவா வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் தந்தித் தொடர்பு விரிந்தது. 1873இல் இக்கம்பெனிகள் ஒன்றுகூடிக் கிழக்கு விரிவுத் தந்திக் கம்பெனி என்னும் பெருநிறுவனம் ஆயின. உலகின் கீழ்த்திசைக்குச் செல்லும் செய்திகளுக்குப் பினாங்கு ஒரு வாயிலாயிற்று.

வடத்தின் அமைப்பிலே இடமறியும் அறிவைக் காணலாம். கரையை ஒட்டிய பகுதிக்குத் தடித்த கம்பிகள். ஆழ்கடற் பகுதிக்கு மெல்லிய கம்பிகள். ஆழ்கடலின் அடி குளிர்ந்தது; அலையின் அசைவு அங்கே இல்லை. கரையருகிலோ நீர் வெதுவெதுப்பானது, அலை புரட்டும், மணல் தேய்க்கும், நங்கூரம் இழுக்கும், காற்றும் நீரும் மாறிமாறித் தொட்டுத் துருவை வளர்க்கும். மலாக்கா நீரிணை முழுவதும் ஏறத்தாழக் கரையருகு போன்றதே. இங்கே கப்பற்புழுக்களும் மிகுதி. மரத்தைத் துளைத்துப் பழகிய அப்புழுக்கள் வடத்தின் சணலைத் துளைத்து உறையையும் துளைத்தன. அதனைத் தடுக்கப் பிற்காலத்தில் உறையின்மேல் மெல்லிய பித்தளை நாடாவைச் சுற்றும் வழக்கம் வந்தது.

வடம் பழுதுற்றால் கடலில் எங்கே என்று தேடுவது? இரு முனைகளிலும் அமர்ந்து மின்னோட்டத்திற்கு எழும் தடையை அளந்தனர். இத்தனை மைலுக்கு இத்தனை தடை என்பது முன்பே தெரியும். ஆதலின் பழுதுற்ற இடம் கணக்கில் வந்துவிடும். வடக்கப்பல் அங்கே சென்று கொக்கியை இறக்கி வடத்தைத் தூக்கும். துருவேறிய பகுதியை வெட்டி நீக்கிப் புதியதை இணைக்கும். இவ்வாறு வெட்டியும் ஒட்டியும் பேணியதனாலேயே வடம் வாழ்ந்தது. ஒருமுறை இட்டதோடு முடிந்த வேலை அன்று.

செய்தி யாருக்கு?

நீராவிக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வர ஒரு வாரம் அளவில் ஆகும். தந்தி வந்தபின் சென்னையின் செய்தி சில மணி நேரத்தில் ஜார்ஜ் டவுனை எட்டியது. ஈயத்தின் விலை, அரிசியின் விலை, பணமாற்று வீதம் ஆகியவை கம்பி வழியே வந்தன. சூலியாத் தெருவின் வணிகரும் பினாங்குத் தெருவின் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் வாழ்ந்த உலகம் இதனால் சுருங்கிற்று. கடலுக்கு அப்பால் நடப்பதை உடனே அறிந்து கொள்ளலும் விற்றலும் செய்ய இயன்றது.

ஆனால் தந்தியின் கட்டணம் சொல்லுக்குச் சொல் கணக்கிடப்பட்டது. தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைத்தவருக்கு அது எட்டாக்கனி. அவர்க்கு உரியது கடிதம். அதுவும் எழுதத் தெரிந்த ஒருவரின் தயவை நாடியது. எப்போதோ தந்தி வந்தது என்றால் வீடே அழத் தொடங்கும். உறையைப் பிரிக்கும் முன்பே யார் போனது என்று கேட்பர். செய்தி ஒரு நாளில் வந்துவிடும். ஆள் போய்ச் சேர ஒரு வாரமாகும். தாயின் முகத்தை இறுதியாய்க் காண இயலாது என்பதை விரைந்து அறிவித்ததே ஏழைக்குத் தந்தி செய்த உதவி. 2013 ஜூலையில் இந்தியா தந்திச் சேவையை நிறுத்தியபோது பலர் வருந்தினர். அச்சொல்லைக் கேட்டு நடுங்கிய தலைமுறைக்கு அவ்வருத்தம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

காடு கொடுத்த விலை

இவ்வடங்களுக்காக வேறோர் இழப்பும் நேர்ந்தது. தாபான் மரத்தின் பால் தானே ஒழுகி வருவதன்று. மரத்தை வெட்டி வீழ்த்தி, பட்டையை வளையம் வளையமாய்க் கீறி எடுத்தனர். ஒரு மரத்தில் கிடைத்தது சில நூறு கிராம் அளவே. கடலடி வடங்கள் பெருகப் பெருக மலாயா, சுமத்ரா, போர்னியோக் காடுகளில் இலட்சக்கணக்கான தாபான் மரங்கள் வீழ்ந்தன. சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் அற்றுப்போயிற்று என்றே எண்ணியிருந்தனர். 1887இல் செருல்லாஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் புக்கிட் தீமா காட்டில் மீண்டும் அதனைக் கண்டபோது அது வியப்பான செய்தியாயிற்று. பின்னர் டச்சுக்காரர் ஜாவாவில் தோட்டமிட்டு, மரத்தை வெட்டாமல் இலையிலிருந்தே பாலெடுக்கும் முறையைக் கையாண்டனர்.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரப்பர் மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் கீறிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். அந்த மரம் தோட்டமாயிற்று. அதைக் கீறத் தமிழர் வந்தனர். தாபான் மரமோ காட்டிலேயே மடிந்தது. கடலில் கம்பியை உப்பரிக்காமல் காத்த உறைக்காகக் காட்டில் ஒரு மரக்குலமே அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடங்களுக்கு உறையான பிறகே அந்தத் தேவை ஒழிந்தது.

எம்டன் வந்த ஆண்டு

1914ஆம் ஆண்டு சென்னையும் பினாங்கும் ஒரே பகைவனைக் கண்டன. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னையைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து செம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் வீழ்த்தியது. 'எம்டன்' என்பது அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

அக்கப்பலுக்கு முடிவு வந்தது கடலடிக் கம்பியால். நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவிலுள்ள தந்தி நிலையத்தை அழித்து வடத்தை வெட்ட எம்டனின் வீரர் இறங்கினர். நிலையத்தார் அதற்குள் எச்சரிக்கை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை வீழ்த்தியது. கோடரியால் வெட்டக்கூடிய கம்பியை ஒரு பேரரசு எவ்வளவு நம்பியிருந்தது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. ஆயினும் கோடரி பட்ட கம்பிகள் சில. உப்புக்கும் அலைக்கும் இரையான கம்பிகளே பல.

துருவின் இயல்பும் கறையிலி எஃகும்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் குளோரைடு மட்டும் 19 கிராம் அளவு. இரும்பைக் கெடுப்பதில் ஈரமும் காற்றும் முதல்வர் என்றால், அவ்விருவருக்கும் வழி திறந்துவிடுவது குளோரைடு.

துருவை ஏற்காத இரும்பு வேண்டும் என்னும் ஆசை பழையது. பிரான்சில் பெர்த்தியே 1821இலேயே குரோமியம் சேர்ந்த இரும்பு அமிலத்தைத் தாங்கக் கண்டார். 1912இல் ஜெர்மனியின் குருப் தொழிற்சாலையார் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்கு உரிமை பெற்றனர். 1913இல் ஷெப்பீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க முயன்றபோது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகை உருக்கினார். கத்தி செய்வோர் ஒருவர் அதனைப் புளிக்காடியில் சோதித்து, கறைபடாமை கண்டு, 'கறையிலி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை வழங்கினார். தமிழர் வீட்டில் அதுவே 'எவர்சில்வர்' ஆயிற்று. என்றும் வெள்ளியாய் இருப்பது என்பது அதன் பொருள்.

இவ்வெஃகு துருப்பிடியாமைக்குக் காரணம் அதன் மேனியில் தானே உண்டாகும் ஒரு மெல்லிய படலம். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி அதனை ஆக்குகின்றது. அதன் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பைப் பல்லாயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. கீறினாலும் நொடியில் மீண்டும் வளரும். ஆனால் குளோரைடு அப்படலத்தின் மெலிந்த இடத்தைத் தேடித் துளைக்கும். துளைக்குள் நீர் அமிலமாகும், அங்கே படலம் மீண்டும் வளராது, குழி ஆழும். மேலே பளபளப்பு மாறாது. உள்ளே எஃகு குடைபடும். உப்புக் கிண்ணத்தின் அடியில் கண்ட ஊசிமுனைப் புள்ளிகள் இவையே.

மாலிப்டினம் என்னும் உலோகத்தைச் சிறிது சேர்த்தால் குளோரைடை எதிர்க்கும் ஆற்றல் கூடும் என்பதை மொன்னார்ட்ஸ் 1911இல் எழுதினார். இன்று 316 என வழங்கும் வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. பொறியாளர் ஓர் எளிய கணக்குப் போடுவர். குரோமிய விழுக்காட்டோடு, மாலிப்டின விழுக்காட்டை 3.3ஆல் பெருக்கியும், நைட்ரஜன் விழுக்காட்டை 16ஆல் பெருக்கியும் கூட்டுவர். சமையற்பாத்திர வகையான 304க்கு இக்கூட்டுத்தொகை 18 அளவு. 316க்கு 24 அளவு. 2205 என்னும் இருகட்டு எஃகுக்கு 35 அளவு. வெதுவெதுப்பான கடல்நீரில் நேராக நிற்க 40க்கு மேல் வேண்டும் என்பது பொதுவான கருத்து. கடலோரத் தொழிற்சாலைக்குக் கம்பி வாங்குவோர் பளபளப்பைப் பாராமல் இவ்வெண்ணைப் பார்ப்பதே அறிவு. கம்பியாக இழுக்கப்பட்ட எஃகுக்கு வலிமை கூடும்; அதனோடு உள்ளே ஓர் இறுக்கமும் தங்கும். வெப்பமும் குளோரைடும் அவ்விறுக்கமும் கூடினால் கம்பி முன்னறிவிப்பின்றி வெடிக்கும்.

பெயரை நம்பிய பிழை

1985 மே 9ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சற்குளத்தின் காங்கிரீட் மேற்பாவு இடிந்து விழுந்து பன்னிருவர் மாண்டனர். 1972இல் கட்டிய கட்டடம் அது. மேற்பாவைத் தாங்கியவை கறையிலி எஃகுக் கம்பிகளே. குளத்துநீரைத் தூய்மையாக்கக் கலந்த குளோரின் ஆவியாய் எழுந்து கம்பிகளில் படிந்தது. அவை பாரத்தோடு தொங்கிய நிலையிலேயே உள்ளே வெடித்தன. கடல் இல்லாத நாட்டில், கூரைக்கு அடியில், கடலின் உப்பு செய்யும் வேலையைக் குளத்தின் குளோரின் செய்தது.

இதற்கு மறுதலையாகவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மெக்சிகோவின் யுக்கத்தான் கரையில் புரோகிரேசோ என்னும் ஊரில் 1937 முதல் 1941 வரை ஒரு கடற்பாலம் கட்டினர். அதன் காங்கிரீட்டுக்குள் 200 டன்னுக்கும் மேற்பட்ட கறையிலி எஃகுக் கம்பிகள் வைக்கப்பட்டன. வகை 304தான். வெப்பக் கடலின் நடுவே அப்பாலம் பெரும்பழுதின்றி நிற்கின்றது. பக்கத்தில் சாதாரண இரும்புக் கம்பி கொண்டு பின்னர்க் கட்டிய பாலமோ துருவால் சிதைந்து அழிந்தது. காங்கிரீட்டின் காரத்தன்மை படலத்தைக் காத்தது; எஃகும் தன் பங்கைச் செய்தது. ஒத்த வகை எஃகு ஓரிடத்தில் காத்தது, மற்றோரிடத்தில் கைவிட்டது. இடமே முடிவு செய்தது.

ஊஸ்டர் துயரம் நிகழ்ந்த அதே 1985இன் செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் நீளமான பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது. 120 ஆண்டு நிற்குமாறு அது வகுக்கப்பட்டது. கப்பல் ஏறி வந்த தீவுக்கு இன்று காரில் செல்கின்றோம். அப்பாலங்களின் உள்ளேயுள்ள இரும்பை நாள்தோறும் உப்புக்காற்றும் அலையும் சோதித்துக் கொண்டே இருக்கின்றன.

மீண்டும் அதே இரு நகரங்கள்

1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே மீண்டும் ஒரு கடலடி வடம் இடப்பட்டது. தந்திக்கு மாறாக இப்போது பல நூறு குரல்கள் ஒருசேரச் சென்றன. தாயின் சாவைத் தாளில் படித்த குடும்பங்கள், தாயின் குரலையே கேட்கும் காலம் வந்தது. பின்னர் 1997இலும் 2002இலும் ஒளியிழை வடங்கள் பினாங்குக் கரையைத் தொட்டன. உயிராயிருந்த செம்பு விலகி, தலைமயிர் போன்ற கண்ணாடி இழை செய்தியைத் தாங்குகின்றது.

உயிர் மாறிற்று, உடல் மாறியதா? கரையருகே இடப்படும் இன்றைய வடத்தின் கவசத்தை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் காண்பது நாகமுலாம் பூசிய எஃகுக் கம்பி; அதன்மேல் கீல்; அதன்மேல் கயிற்றுச் சுற்று. 1864இன் மூன்று மதில்களே. சணல் இருந்த இடத்தில் செயற்கை இழை வந்துள்ளது, அவ்வளவே. இத்தனை உயர்வகை எஃகுகள் தோன்றிய பின்னும் கறையிலி எஃகை ஏன் கவசமாக்கவில்லை? அதன் விலை ஒரு காரணம். மற்றொரு காரணம் அதனினும் ஆழமானது. கறையிலி எஃகின் படலம் பிராணவாயுவால் வாழ்வது. சேற்றில் புதைந்து, கயிற்றின் சுற்றுக்குள் இறுகிக் கிடக்கும் கம்பிக்குப் பிராணவாயு போதிய அளவு கிட்டாது. அத்தகைய இடுக்கில்தான் குளோரைடு அதனைக் குடையும். அங்கே 'என்றும் வெள்ளி' தோற்கலாம். தன்னை ஈந்து காக்கும் எளிய துத்தநாகம் நிற்கும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குத் துருவைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் ஓர் ஆணியை உப்புநீரில் இட்டுக் காட்டுவது வழக்கம். அதனோடு பினாங்குக் கரையில் நிற்கும் ஒரு மாணவனின் காலடி மணலுக்கு அப்பால் சென்னை வரை சென்ற ஒரு கம்பி இருந்தது என்பதையும் சொல்லலாம். அதைக் காக்கக் காடு அழிந்ததையும், அதைப் பேணக் கப்பல்கள் ஆண்டுதோறும் அலைந்ததையும், அதன் வழியே வந்த செய்தி யாருக்கு இலாபமாகவும் யாருக்குக் கண்ணீராகவும் இருந்தது என்பதையும் சொல்லலாம். வீட்டுக்குத் திரும்பும் அப்பிள்ளைக்கு அடுக்களையின் உப்புச் சாடி அதன் பின் வெறுஞ்சாடியாகத் தோன்றாது.